அரை அடி முந்திப் பாடுகிறவன்

நவம்பர் 2, ஞாயிறு

அருள்குமார் இன்று சர்ச்சுக்கு வரவில்லை. வரமாட்டான் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இந்தச் சாமளாபுரத்தில் எது நடந்தாலும் எனக்கு முதல் நாளே தெரிந்துவிடும். போதகரே எல்லாவற்றையும் என்னைக் கேட்டுத்தான் செய்கிறார். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

போன வாரம் நடந்தது இதுதான். பாடகர் குழுவை இப்போது நடத்துகிறவன் பிரதீப். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை, புது மைக், புது கீபோர்டு. அவன் எல்லோர் முன்னாலும் அருள்குமாரிடம், "அண்ணா, நீங்க எப்பவுமே அரை அடி முந்திப் போயிடறீங்க, சத்தமும் சாஸ்தி. கொஞ்ச நாளைக்கு மனசுக்குள்ள பாடுங்களேன்" என்றான்.

அருள்குமார் முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறவன், காது பாதி போய்விட்டது. அவன் வீட்டில் உப்புக் கேட்டால் அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள். அவனைப் போய் மனசுக்குள் பாடச் சொன்னால்?

நவம்பர் 5

பஸ் ஸ்டாப்பில் அருள்குமார். என்னைப் பார்க்காதவன் போல நின்றான். பார்த்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

பாட்டு படுத்துவிட்டது. பக்கத்துத் தறிக்குடோன் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். எப்போதும் அதை நாங்கள் ஜெயிப்போம். போன வாரமே திணறினோம், இன்று தோற்றோம். முன்வரிசை பாடியது, பின்பாதி முனகியது. பிரதீப் மைக்கைக் கூட்டினான், அது விசில் அடித்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். பின்பாதியில் இருப்பவர்கள் வேகமாகப் படிக்கத் தெரியாதவர்கள். அருள்குமார் அரை அடி முந்திப் பாடினால் வார்த்தை காதில் விழும், அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். இன்று யார் கொடுப்பது? பின்வரிசைப் பாட்டி ஆயம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர். பாவம்.

நவம்பர் 10

பிரதீப்பிடம் விளக்கினேன்.

"ப்ரொஜெக்டர்ல வரியப் போட்டரலாங்க மாமா."

"போட்டா அதையும் படிக்கோணுமல்ல கண்ணு?"

ஒரு மணி நேரம் பேசினேன், அழுதுவிட்டான். மூக்கை உறிஞ்சினான் என்பது நிச்சயம். சளியாகவும் இருக்கலாம்.

நவம்பர் 14

பிரதீப்பை அழைத்துக்கொண்டு அருள்குமார் வீட்டுக்குப் போனேன்.

"நாங்க சோமனூர் சபைக்குப் போறமுங்ணா" என்றான் அருள்குமார், தெருவுக்கே கேட்கும்படி. "அறுப்பின் பண்டிகையே அங்கதான்."

"அங்க ஒருக்கா பாடட்டும், அவங்களும் சொல்லீருவாங்க" என்றாள் அவன் மனைவி சித்ரகலா. "சர்ச்சுல பாடறதையெல்லாம் இப்ப ஊட்லயே பாடறாருங்ணா. கூட்டிட்டுப் போயிருங்க."

"தப்பாச் சொல்லீட்டனுங்ணா" என்றான் பிரதீப்.

"நீ சொன்னது சரிதான் கண்ணு. எனக்குத் தாளம் நிக்கறதில்ல. நான் ஒருத்தன் இல்லீனா என்ன ஆயிரும்?"

அப்போதுதான் ஆயம்மாள் வாயை மூடி நின்றதைச் சொன்னேன். கண்ணீரையும் சேர்த்து.

அருள்குமார் நல்ல காதை என் பக்கம் திருப்பி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். பிறகு, "நான் இல்லாததுனாலயா?" என்றான். மெதுவாக. அவனுக்கு மெதுவாகப் பேச வரும் என்பது எனக்கே இன்றுதான் தெரியும்.

நவம்பர் 16, ஞாயிறு, அறுப்பின் பண்டிகை

அருள்குமாரும் சித்ரகலாவும் வந்துவிட்டார்கள். பூசணி, கரும்பு, வாழைத்தார், கால் கட்டிய ஒரு சேவல் எல்லாம் விளைச்சல் காணிக்கையாக முன்னால். முதல் பாட்டு. பின்வரிசையிலிருந்து அரை அடி முந்தி அருள்குமார். அவன் பின்னால் பாதிச் சபை. தறிச்சத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பிரதீப் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனும் பாடினான். சோமனூர் வரைக்கும் கேட்டதாகப் பேச்சு. பேச்சை ஆரம்பித்தது நான்.

ஆராதனை முடிந்ததும் அருள்குமார் நேராக ஆயம்மாளிடம் போனான். "இனிமே வாய மூடிட்டு நிக்க வேண்டாமுங்கம்மா. நான் இருக்கறேன்."

"நான் எப்பச் சாமி வாய மூடுனேன்? எனக்குப் பாட்டுப் புஸ்தகம் முச்சூடும் மனப்பாடமாச்சே."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேவலைப் பார்த்தேன்.

சரி. இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், இதையே பாதி ராத்திரி வரை உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி முதல் அடியை முடிப்பதற்குள் சபை அடுத்த சரணத்துக்குப் போய்விடும். புத்தகத்தை விரித்துப் பிடிப்பதெல்லாம் கௌரவத்துக்கு. ஒன்பதாம் தேதி வாயை மூடிக்கொண்டு நின்றது ஆயம்மாள் இல்லை.

இன்று ஐந்து பாட்டும் ஒரு வார்த்தை விடாமல் பாடினேன்.