மூக்குக் குழாயும் மீன்தலைக் கறியும்

செவ்வாய், இரவு.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் கணவரின் குடல் இன்னும் அசையவில்லை. வாயில் தண்ணீர்கூடப் படக்கூடாது. இரைப்பையில் ஊறுவது மூக்குக் குழாய் வழியாகப் பையில் வடிகிறது.

"பக்கத்துல சாப்பிடாதீங்க, ஆன்ட்டி. வாசனை பட்டாலே மூளை நரம்பு வழியா வயித்துக்குச் சொல்லிடும். ஹார்மோனும் சேர்ந்துக்கும், ஆசிட் கொட்டும்" என்று நர்ஸ் நேற்றே சொன்னாள்.

இன்று வார்டில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு வந்த நேரம். திரையை இழுத்துவிட்டு, தேக்கா சந்தையில் வாங்கிய மீன்தலைக் கறியை அவர் முகத்தருகே பிரித்துச் சாப்பிட்டேன். முப்பது வருடம், தான் சாப்பிட்டு எழும்வரை என்னைப் பசியோடு நிற்கவைத்த மனிதர். அவர் தொண்டை ஏறி இறங்கியது. பை நிறைந்தது.

"இப்படி வடிஞ்சா சாப்பாடு இன்னும் தள்ளிப் போகும் லா" என்று நர்ஸ் வருத்தப்பட்டாள்.

"அவர் சாப்பிடாம எனக்கும் சோறு இறங்காதும்மா" என்றேன், அவருக்குக் கேட்கும்படி.