அவள் சொன்ன ‘நோ’

ஏறாவூர்,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் றிஷாட்டுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் வாப்பாவும், அடுத்த வளவில் உன் ராத்தா நுஸ்ராவும் அவளுடைய பிள்ளைகளும், என்னோடு இருக்கும் உன் மனைவி ஸாதியாவும் சுகமாக இருக்கிறோம். மெல்பேர்னில் குளிர் தொடங்கிவிட்டதாம், நீ நெஞ்சில் சளி கட்டாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். கையில் போன் இருக்க உம்மா ஏன் கடதாசி எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நான் வொய்ஸ் அனுப்பினால் நீ பாதி கேட்டுவிட்டு ‘ஓகே உம்மா’ என்று போடுகிறவன். கோல் எடுத்தால் ஸாதியா பக்கத்தில் இருப்பாள், அவளுக்கு இப்போது நம்முடைய கதை முக்கால்வாசி விளங்குகிறது. தமிழ் எழுத்து மட்டும்தான் இன்னும் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன், நுஸ்ராவைக் கொண்டு படம் எடுத்து அனுப்புவேன். பெரிதாக்கிப் பார்த்துக் கடைசி வரி வரைக்கும் வாசி, நடுவில் நிறுத்தாதே.

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது, பகலில் வெளியே தலை காட்ட முடியவில்லை, உடுப்புக் காயப்போட்டால் ஆற்றங்கரை மணலும் சேர்ந்து காய்கிறது. வட்டையில் நம்முடைய வயல் இந்தப் போகம் பரவாயில்லை, தண்ணீர் முறைக்கு வருகிறது. வாப்பா காலையில் வயலுக்கும் பின்னேரம் இரும்புக் கடைக்குமாக ஓடுகிறார், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடுகிறார், மருந்து பூசு என்றால் மட்டும் காது கேட்காது. போன கிழமை நீ அவருக்கு அனுப்பிய செய்தியை எனக்கு வாசித்துக் காட்டினார். ஸாதியாவுக்கு மெல்பேர்னுக்கு வர விருப்பமில்லை, அவளே வாயால் சொல்லிவிட்டாள், இனி இரண்டாம் தரமும் விசாவுக்கான இங்கிலீஷ் சோதனை எழுதவைத்து அவளை வருத்த வேண்டாம், சீனாவில் அவளுடைய உம்மா வீட்டுக்கே டிக்கட் போட்டு அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். வாசித்து முடித்துவிட்டு வாப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் ஏசினால் எனக்குப் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம். மகன், டிக்கட் போடாதே. ஏன் போடக் கூடாது என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

நம்முடைய பகுதியில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். மருமகளைக் கூட்டி வைத்து ஆக்கிப் போடுகிற மாமி இந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான். நீ துணி ஏற்றச் சீனாவுக்குப் போன இடத்தில், சந்தையில் அரபு நாட்டு வியாபாரிகளுக்குச் சீனத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சீனத்து முஸ்லிம் பிள்ளையை நிக்காஹ் முடித்தாய். பிறகு மெல்பேர்ன் வேலை கிடைத்ததும் ‘பேப்பர் சரிவரும் வரைக்கும் உம்மாவோட இருக்கட்டும்’ என்று கொண்டுவந்து விட்டாய். உள்ளதைச் சொன்னால் எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. அவளுக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது, இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பிஸ்மில்லாஹ்வும் அல்ஹம்துலில்லாஹ்வும்தான். அதை மட்டும் வைத்து எவ்வளவு கதைப்பது? கறி ருசித்தாலும் அல்ஹம்துலில்லாஹ், உறைத்துக் கண்ணீர் வடிந்தாலும் அல்ஹம்துலில்லாஹ். உப்புக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று நான் அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் பிடிப்பேன். இப்போது அப்படியில்லை. ‘மாமி, நீங்க இருங்க, நான் கூட்டுறன்’ என்று விளக்குமாற்றை என் கையிலிருந்து பறிக்கிறாள். மாவைப் பிசைந்து கையால் இழுத்து இழுத்து நூலாக்கி ஆட்டிறைச்சிச் சூப்பில் போட்டுத் தருகிறாள், வாப்பா இரவுப் பிட்டை ஒதுக்கிவிட்டு அதைக் கேட்கிறார். எனக்கு அவளில்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கடதாசி என் வீட்டுக்காக எழுதுவதல்ல.

அவளுடைய படிப்பு எப்படிப் போகிறது என்று நீ இப்போது கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன்னோடு ஒன்றாகப் படித்த ஹிதாயா இப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், பின்னேரங்களில் வந்து இவளோடு இருக்கிறாள். முதல் தரம் கொழும்பில் எழுதியபோது வாசிப்பில் தேறி, கேட்டலில் அரைப் புள்ளியால்தான் விழுந்தாள், அது உனக்குத் தெரியும். வாசிப்பிலும் முதலில் பெரிய பாடு. சீனத்தில் ஒவ்வோர் எழுத்தையும் நிதானித்து வாசித்துப் பழகியவளாம், இங்கிலீஷிலும் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் தேடுவாள், மூன்று பந்தி முடிவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஹிதாயா அகராதியைப் பிடுங்கி என் அலுமாரியில் பூட்டச் சொன்னாள், கேள்வியை முதலில் பார், பிறகு அதற்குள்ள பதிலை மட்டும் தேடு என்றாள். பெருநாள் சந்தையில் எனக்கு வேண்டிய பட்டன் எந்தக் கடையில் என்று தேடுகிற மாதிரி என்று நான் சொன்னேன், அதன் பிறகு அவளுக்கும் பிடிபட்டது. அதில் ஒரு வகைக் கேள்வி இருக்கிறது, சரி, பிழை, ‘நொட் கிவன்’ என்று மூன்று விடை. பந்தியில் அந்த விஷயமே சொல்லப்படாவிட்டால் மூன்றாவதைப் போட வேண்டும். இவள் தானாகக் கற்பனை பண்ணிச் சரி பிழை போட்டுவிடுவாள். இப்போது அது நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அடுத்த வீட்டு ஆமினா உம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ‘மகன் ஏன் புள்ளைய இன்னும் கூப்பிடல்ல?’ என்று கேட்டால் நான் ‘நொட் கிவன்’ என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அது ஏதோ விசா வகை என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கேட்டல்தான் அவளுக்கு எமன். சொல்லின் கடைசி எழுத்து அவளுடைய காதில் விழுவதில்லை, ஃபிப்டீனும் ஃபிப்டியும் ஒன்றுதான், முதல் எழுத்திலும் தடுமாற்றம், ரைட்டும் லைட்டும் ஒன்றுதான். வாப்பா உதவி செய்கிறேன் என்று வந்து அவருடைய இங்கிலீஷை எடுத்துவிட்டார். ‘கம், ஈட் பிஷ்’, ‘இஸ்ப்பூன் வேர்?’ என்று கதைக்க, இவளுக்கு அது அப்படியே பழகிவிட்டது. வாப்பா பேசுவது எல்லாம் விளங்குகிறது, ரேடியோவில் வெள்ளைக்காரன் பேசுவதுதான் விளங்கவில்லை என்று ஹிதாயாவிடம் முறைப்பாடு. சோதனை முடியும் வரைக்கும் இந்த வீட்டில் வாப்பா இங்கிலீஷ் பேசக் கூடாது என்று ஹிதாயா கட்டளை போட்டுவிட்டாள், மனுசன் முகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். இன்னொரு கட்டளையும் ஹிதாயா போட்டாள், அதுதான் வினையாகிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் போனில் சீனத்தில் கதைக்கக் கூடாது, இங்கிலீஷில்தான் கதைக்க வேண்டும், வீடியோவும் போடக் கூடாது, சோதனையில் குரல் மட்டும்தானே கேட்கும், முகம் பார்க்காமல் பழகட்டும் என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள், நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள்.

முதல் சோதனையின் முடிவு வந்த பிறகு நீ எடுத்த கோல் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன், அவள் வாசற்படியில் இருந்து கதைத்தாள். ‘டயர்ட், டயர்ட்’ என்று சொன்னது எனக்கும் கேட்டது. அதற்கு நீ, ‘யூ டோன்ட் வோண்ட் டு கம்?’ என்று கேட்டிருக்கிறாய். அவள் ‘நோ, நோ’ என்றாள். அடுத்த சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் நீ ‘ஓகே’ என்று சொல்லி, வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து உன் கோல் சுருங்கிவிட்டது. அவளோ சோதனையில் விழுந்ததால் உனக்குக் கோபம் என்று நினைத்து, இரட்டிப்பாகப் படிக்கத் தொடங்கினாள். வர விருப்பமில்லாதவள் இப்படியா படிப்பாள் என்று எனக்குக் குழப்பம், ஆனால் அந்த ‘நோ’வை நானும் என் காதால் கேட்டவள்தானே, அதனால் உன்னோடு வாதாடவும் வாய் வரவில்லை.

நேற்றுப் பின்னேரம் ஹிதாயா ஒரு பயிற்சி போட்டாள். ஒரு நூலகத்தில் வேலை செய்கிற பெண் ஒருவனிடம், உன்னிடம் இன்னும் அட்டை இல்லையா என்று கேட்கிறாள். அவன் ‘நோ’ என்கிறான். அவனிடம் அட்டை இருக்கிறதா இல்லையா என்பது கேள்வி. ஸாதியா ‘இருக்கிறது’ என்று எழுதினாள். ஹிதாயா பிழை போட்டாள். இவள் விடவில்லை. ‘இல்லையா எண்டு கேட்டா, அவர் நோ எண்டார், அப்ப நீங்க சொல்றது சரியில்ல எண்டுதானே அர்த்தம், அட்டை இரிக்கிதுதானே’ என்று மல்லுக்கு நின்றாள். சீனத்தில் அப்படித்தானாம், கேட்டவர் சொன்னது பிழை என்றால் ‘நோ’, சரி என்றால் ‘யெஸ்’. ஹிதாயா பொறுமையாக, இங்கிலீஷில் கேள்வி எப்படி இருந்தாலும் அதை விட்டுவிடு, காரியத்தை மட்டும் பார், இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ என்றாள். நம்முடைய தமிழிலும் ‘இல்லை’ என்று மட்டும் சொன்னால் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஸாதியா பேனையை வைத்துவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. ஒருவர் ‘யூ டோன்ட் வோண்ட் டு கம்?’ என்று கேட்டு, நான் ‘நோ’ என்று சொன்னால் அவர் என்ன விளங்குவார் என்று ஹிதாயாவிடம் கேட்டாள். வர விருப்பமில்லை என்று விளங்குவார் என்றாள் ஹிதாயா. ஸாதியா எழுந்து கிணற்றடிக்குப் போனாள், மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் உள்ளே வரவில்லை.

விளங்குகிறதா மகன்? அவள் சொன்ன ‘நோ’வுக்கு, அப்படியில்லை, எனக்கு வர விருப்பம்தான் என்று அர்த்தம். நீ அதை நேர்மாறாக விளங்கிக்கொண்டாய். நீ சீனத்தில் கேட்டிருந்தால் இது வந்தேயிராது, முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தாலும் வந்திராது. நான் அவளிடம் போய், இப்போதே றிஷாட்டுக்குக் கோல் எடுத்துச் சொல்லு என்றேன். மாட்டாளாம். ‘அவருக்குச் சொல்ல வேணாம் மாமி’ என்றாள். நான் சரி என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன், அதை எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டதற்கு அவள் சொன்னதுதான் எனக்கு இரவு முழுக்க உறுத்துகிறது. ‘என்ட இங்கிலீஷ் பிழைதான் மாமி. ஆனா அவர் ஏன் திருப்பிக் கேக்கல்ல?’ என்றாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. உன்னிடம் இருக்கிறதா? நீ நல்ல பிள்ளைதான், அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நினைத்தாய், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் மனம் நொந்தவன் வாயை மூடிக்கொள்வது நீ வாப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்ட குணம். அவரோடு நான் இத்தனை காலம் குடும்பம் நடத்தியது திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான். இந்தப் பிள்ளைக்கு எந்தப் பாஷையில் திருப்பிக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை அவளுக்கு இரண்டாம் சோதனை. வெள்ளிக்கிழமை நானும் வாப்பாவும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், ரயிலில் இடம் எடுத்தாயிற்று. தேறுவாளா மாட்டாளா என்பது அல்லாஹ்வின் கையில். தேறாவிட்டாலும் இன்னொரு தரம் எழுதலாம், அதற்கு நான் கவலைப்படவில்லை. ஆனால் தன் புருஷன் தன்னை வேண்டாம் என்கிறானோ என்ற யோசனையோடு அந்தப் பிள்ளையைச் சோதனை மேசையில் இருத்த நான் தயாரில்லை.

ராத்தா ஸலாம் சொல்கிறாள், பிள்ளைகள் உன்னிடம் கங்காரு பொம்மை கேட்கிறார்கள். உனக்கு நோய் நொடியில்லாத உடம்பையும், நல்ல வருமானத்தையும், சந்தோஷமான குடும்பத்தையும் அல்லாஹ் தருவானாக. காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. ஒன்றை மட்டும் மறக்காதே. சோதனையில் அந்தக் குரலை ஒரு தரம்தான் கேட்க விடுவார்கள், திருப்பிப் போட மாட்டார்கள். நீ அவளிடம் எத்தனை தரமும் கேட்கலாம், அதற்கு யாரும் புள்ளி குறைக்கப்போவதில்லை. இன்றைக்கே கோல் எடு, முகத்தைக் காட்டு, ஹிதாயாவின் கட்டளையை நான் பார்த்துக்கொள்கிறேன். ‘வர விருப்பமில்லையா’ என்று மட்டும் எந்தப் பாஷையிலும் கேட்காதே. நம்முடைய தமிழிலேயே ‘வாறியா’ என்று கேள். அவளுக்கு ‘ஓம், வாறன்’ சொல்லத் தெரியும்.

உனக்காகக் கையேந்தும் உம்மா,
மு. றமீஸா