நாலரை மணிப் பாயா

ஸ்ரீவில்லிபுத்தூர்
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் ஆபிதுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உன் அத்தாவும் சுகம். அவர் வயிற்றில் நான்கு தையல் கூடுதல், பித்தப்பை ஒன்று குறைச்சல், அவ்வளவுதான். தோஹாவில் நீ எப்படி இருக்கிறாய் என்பதைக் கடைசியில் விசாரிக்கிறேன், அதற்கு இப்போது புது முறை கற்றிருக்கிறேன்.

போனில் சொல்ல முடியாததால்தான் கடிதம். நான் போனை எடுத்தாலே உன் அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். முதல் தடவை ஆபரேஷன் தள்ளிப்போனதற்கு டாக்டர் வரவில்லை என்று உன்னிடம் சொன்னாரே, அது பொய். டாக்டர் வந்திருந்தார். உன் அத்தா வயிற்றில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும்கூட வந்திருந்தன. அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ராஜபாளையம் ஆஸ்பத்திரி நர்ஸ் கிருபாபாய் நமக்கு நன்றாகப் புரியட்டும் என்று, "உங்க நோன்பு மாதிரிதான் டீச்சர், ஒண்ணும் சாப்பிடாம வரணும்" என்று அன்பாகச் சொன்னாள். நோன்பைப் பற்றி நமக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா? நோன்பென்றால் விடியுமுன் சாப்பிட்டுவிட வேண்டுமே, நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். "ஏட்டி, இனிமே பாயா எப்பக் கெடைக்குமோ" என்று இவர் முந்தின நாளே முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார், இரண்டு மாதமாகக் கொழுப்பு ஆகாது என்று மறுத்துவந்த நான் இளகிவிட்டேன். பாங்கு சொல்வதற்குள் சஹர் சாப்பாட்டை முடித்து, வாய் கொப்பளித்து, பஸ் ஏறிவிட்டோம்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஜெயசித்ரா இவரை வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தை அண்ணாக்கச் சொல்லி, ஆடுகிற பல் உண்டா என்று பார்த்துவிட்டு, சாப்பிட்டீர்களா என்றார். "பச்சத்தண்ணி பல்லுல படலம்மா, நோன்பு" என்றார் இவர். அந்தப் பெண் விடவில்லை. "கடைசியா எத்தன மணிக்கு, என்ன சாப்பிட்டிய?" என்று மறுபடி கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்றது அந்தப் பார்வை. மதுரையிலிருந்து சர்ஜன் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருகிறார், இன்று விட்டால் இன்னும் ஒரு வாரம் இவர் வலியில் சுருண்டு கிடக்க வேண்டும். நானும் செத்த நேரம் சும்மாதான் நின்றேன் ஆபித், உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அப்போது தட்டில் இருந்த, மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டைக்குள் விடும் குழாயைப் பார்த்தேன். தொண்டையில் மூச்சுக்கு ஒரு வழி, சோற்றுக்கு ஒரு வழி என்று முப்பத்தோரு வருஷம் போர்டில் படம் வரைந்தவள் நான். மூச்சுக்குழல் வாசலில் ஒரு மூடி உண்டு, நம் பள்ளிக்கூட வாட்ச்மேன் தவசிமுத்து மாதிரி, சோறு வந்தால் கேட்டைச் சாத்திவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். மயக்க மருந்து கொடுத்தால் தவசிமுத்தும் தூங்கிவிடுவாரே! வயிற்றில் கிடக்கிற பாயா மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால் யார் தடுப்பது? "நாலரை மணிக்கு டாக்டர், ஏழு இடியாப்பம், பாயா" என்று சொல்லிவிட்டேன். "ஆறுதான்" என்று திருத்தினார் இவர்.

டாக்டர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க சொல்லாம விட்டிருந்தா இவியளக் காப்பாத்துறதே பெரும்பாடாயிருக்கும் டீச்சர்" என்றார். கிருபாபாய் தலையில் கைவைத்து, "விடியுமுன்ன சாப்பிடுவியன்னு எனக்குத் தெரியாதே" என்றாள். திரும்பும் பஸ்ஸில் உன் அத்தா என்னை விட்டு மூன்று சீட் தள்ளி உட்கார்ந்து வந்தார்.

அடுத்த செவ்வாய் போனோம். கிருபாபாய் கட்டில் கட்டிலாகப் போய், "விடியுமுன்ன எந்திரிச்சு எதுவும் சாப்பிட்டியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் பொன்னுராஜ், "அந்நேரம் எவன் சாப்பிடுவான்?" என்று விழித்தார். "அது என்னால வந்த கேள்வி" என்று இவருக்கு ஒரே பெருமை. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கண் விழித்ததும், குழாய் போட்ட தொண்டை கரகரக்க, என்னைக் கூப்பிட்டு முதலில் சொன்னது, "ஆறுதாம்ட்டி."

இப்போது உன் விஷயம். சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டேம்மா என்கிறாய், நானும் போனை வைத்துவிடுகிறேன். இனி எத்தனை மணிக்கு, என்ன என்று இரண்டாவது தடவையும் கேட்பேன். இரண்டு பிஸ்கட் என்றால் பிஸ்கட் என்றே சொல், திட்ட மாட்டேன். இந்தக் கடிதத்தைப் பற்றி அத்தாவிடம் மூச்சு விடாதே. உன் மூச்சையும் சோற்றையும் அதனதன் வழியில் அல்லாஹ் நடத்துவானாக.

துஆவுடன்,
உன் அம்மா நூர்னிசா