நாவலப்பிட்டியில் பறித்த பூ

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் ஆற்றோரத்து முள்முருங்கை பூத்திருப்பதைப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவே நிற்கும் மரங்களையெல்லாம் ஒவ்வொரு வருடமும் கிளை கழித்துவிடுகிறார்கள். இது ஒன்றுதான் கத்திக்கு எட்டாமல் பாறை இடுக்கில் தப்பி நிற்கிறது. இலை ஒன்றுகூட இல்லை, நுனியில் நாலைந்து சிவப்புக் கொத்து மட்டும். கூட வந்த பெண்கள், "இனி கொழுந்து பொங்கிரும், மூச்சுவிட நேரமிருக்காது" என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் பின்தங்கிவிட்டேன். நீ இறந்துபோன செய்தி வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நம் இருவருக்கும் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா; நடுவில் ஒரு சுவர்தான். தைப் பனியில் கொழுந்து கருகிப்போகும். மாசி வெயிலில் எதிர்மலைப் புல் வெளுத்துக் கிடக்கும். பங்குனி பிறந்து முதல் மழை இறங்கினால் மண் வாசனையோடு நமக்குப் பைத்தியமும் பிடித்துவிடும். ஆற்றோரத்து மரத்தில் முதல் பூவை யார் பார்ப்பது என்று போட்டி. தோற்றவள் மற்றவளின் கூடையையும் கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை சுமக்க வேண்டும். பெரும்பாலும் நீதான் சுமந்தாய். "ஒனக்குக் கண்ணு மரத்துலதான், கொழுந்துல இல்ல" என்று கங்காணியின் காதில் விழும்படி சொல்வாய். யார் எப்போது சமைந்தாள், யார் வீட்டில் எப்போது சாவு என்று லயத்தில் என்னைத்தான் கேட்பார்கள். பனியையும் பூவையும் வைத்து நான் பட்டென்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்தோடுதான் உனக்காகச் சாட்சி சொல்ல வந்தேன்.

நீ இங்கேயே பிறந்தவள். உன் அம்மாவைப் புதைத்ததும் இந்த மலையில்தான். கல்யாணமான புதிதில், மாமியார் படுக்கையில் கிடக்கிறார் என்று கடல் தாண்டித் துறையூர்ப் பக்கம் போய் இருந்துவிட்டு வந்தாய், அவ்வளவுதான். பல வருடங்கள் கழித்து இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டபோது அதுவே வினையாக வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்கு உரிமை இல்லை என்றார்கள். நீ இருந்தது பதினொரு மாதம். போய்வந்த தேதி போட்ட சீட்டோ கூரை ஒழுகி நனைந்து கூழாகியிருந்தது. அஞ்சாம் வகுப்புப் படித்தவள், ஞாபகசக்திக்காரி என்று என்னை டவுனுக்குக் கூட்டிப்போனாய். "உள்ளதச் சொல்லு புள்ள, போதும்" என்றாய். சட்டம் எத்தனை மாதத்தைக் கேட்கிறது என்பதை நீ சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

விசாரணை ஐயா கேட்டதைப் பக்கத்திலிருந்தவர் தமிழில் மாற்றிச் சொன்னார்.

"அவங்க எப்ப இந்தியாவுக்குப் போனாங்க?"

"எங்க ஆத்தோரத்துல முள்முருங்கை பூத்திருந்திச்சுங்க."

"எப்ப திரும்பி வந்தாங்க?"

"மறு வருசம், அதே பூ பூக்கயிலதாங்க. கையிலயே ஒரு கொத்து வச்சிருந்தா."

"அப்ப முழுசா ஒரு வருசம்?"

"ஒரு நாளும் கொறையாதுங்க. கூட இருந்தாலும் இருக்கும்."

அவர் எழுதிக்கொண்டார். நான் நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் நான் சொன்னதையெல்லாம் உனக்கு ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாய்: "அந்தப் பூ நாவலப்பிட்டியில பறிச்சது புள்ள. மலையேற ரெண்டாவது இஞ்சின் பூட்டுறவரைக்கும் ரயில் நின்னுச்சு, அவரு எறங்கிப் பறிச்சுக் குடுத்தாரு. இன்னும் மேல, றொசல்ல ஸ்டேசன்லகூட அப்ப மொட்டுத்தான்."

கீழே சூட்டில் மாசியிலேயே பூத்துவிடும். பிறகு அது மலையேறி நம் தோட்டத்துக்கு வந்துசேர ஒரு மாதம் ஆகும். இது எனக்குத் தெரியாததா? நீ வந்திறங்கிய அன்று அந்தக் கொத்தை வாங்கிக்கொண்டு, "நம்ம மரம் இன்னும் கண்ணே தொறக்கலையே" என்று சொன்னவளே நான்தான். அந்த ஐயாவின் நாற்காலி முன்னால் நின்றபோது பூ ஞாபகத்துக்கு வந்தது, அந்தப் பேச்சு வரவில்லை. மறுநாள் திரும்பப் போய் மாற்றிச் சொல்கிறேன் என்றேன். "மாத்திச் சொன்னா ரெண்டையும் பொய்யின்னுருவாங்க, விடு" என்றாய்.

மனு தள்ளுபடியான கடிதம் வந்தது. லயமே என்னைக் காறித் துப்பும் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டு இல்லாததால் தள்ளிவிட்டார்கள் என்று நீ எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாய். உன் வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொல்லியிருந்தாய். இந்தியாவுக்கே போய்விட நீங்கள் ரயிலேறிய அன்று அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கும்பிட்டார். "நீயாவது எங்களுக்காக நல்லபடியாச் சொன்னியே தங்கச்சி" என்றார். நீ என் பக்கம் திரும்பாமல் மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றாய். நான் அவரைத் திருப்பிக் கும்பிட்டேன். வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது இலங்கை, இந்தியா இரண்டு அரசுக்காரர்களும் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். யார் போவது, யார் இருப்பது என்று லயத்தில் வேறு பேச்சே இல்லை. சாட்சிக்கு வா என்று இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தால், "ஒனக்கு ஒடம்புக்கு என்ன கேடு?" என்று கேட்டிருப்பாய்.

நீ இறந்த செய்தியை எழுதியது உன் வீட்டுக்காரர்தான். அங்கே வெயில் உனக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லையாம். மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாயாம். "எங்களுக்காக டவுன்வரை வந்து பேசின தங்கச்சிக்கு" என்று கடிதத்தைத் தொடங்கியிருக்கிறார். பதில் எழுதத் தினமும் உட்காருகிறேன். "அண்ணனுக்கு" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் கை ஓடவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.