நீ அடித்துவிட்ட முதல் வரி

நோரிஸ் ரோடு,
சிங்கப்பூர்.
14-9-1966

என் தங்கத்துக்கு, உன் மருதப்பன் எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் நம் கீழ்வீட்டு வேலாயுதம். ஈப்போவுக்கு லாரியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு வருகிறான். அவன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். முதலில் அதை வாங்கிக்கொள். உன் மாத்திரைதான், அறுபது இருக்கிறது. ஈப்போ டாக்டர் ஏற்கெனவே வேறு ஏதாவது கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் இதைத் தொடாதே. இது நான் சொல்வதல்ல, கிளினிக் நர்ஸ் சாயிரா பானு சொன்னது.

நேற்று அடித்த தந்தியைப் பற்றிக் கோபமாக இருப்பாய். தந்தி என்றாலே வீட்டில் அழுகைச் சத்தம்தான் முதலில் வரும். உனக்கே படபடப்பு, அதில் உன் பேருக்கே தந்தி வந்தால் என்ன ஆகும் என்று பயந்துதான் சகலை சேதுபதி பேருக்கு அடித்தேன். 'தங்கத்தை உடனே டாக்டரிடம் காட்டவும், மாத்திரை வருகிறது' என்று அடித்தேன். கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் இதைச் சத்து மாத்திரை என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறாய்! உன் தங்கைக்கும் சகலைக்கும் இப்போது எல்லாம் தெரிந்துபோயிருக்கும். மன்னித்துக்கொள். வேறு வழி தோன்றவில்லை.

உன் தங்கை பூவம்மாவும் பிறந்த குழந்தையும் சுகம்தானே? பிள்ளைக்குக் காப்பு வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே நாலு நாளாக மழை. மாடிப்படியில் மறுபடியும் ஒழுகுகிறது.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எட்டு மாத்திரைதான் மிச்சம், அனுப்பிவையுங்கள் என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே வாங்கிவிட்டேன். பதினொரு நாள் அது என் பெட்டியில், வேட்டிக்கு அடியில் கிடந்தது. வேலை அதிகம், மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்தும் போட்டேன். மறக்கவில்லை, தங்கம். வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன்.

பொறாமை. வேறு எந்தப் பேரும் அதற்கு இல்லை. ஆம்பளை யார்மேலாவது என்றால்கூடக் கேட்கிறவர்களுக்குப் புரியும். எனக்கு அந்தப் பச்சையும் கறுப்புமான மாத்திரைமேல் பொறாமை, உன் நோட்டுப் புத்தகத்தின்மேல் பொறாமை, அந்த நர்ஸ்மேலும் பொறாமை. சிரிக்காதே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலவரம் வந்து ஊரடங்கு போட்ட அந்த ஜூலை மாதம், வேலைக்குப் போன நான் செம்பவாங் கப்பற்படை பேஸிலேயே மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் நீ இந்த மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தன்னந்தனியாகக் கிடந்தாய். அதற்கப்புறம்தான் உனக்கு இது ஆரம்பித்தது. மார்பு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், 'செத்துருவேன் போல இருக்குங்க, கையைப் புடிங்க' என்பாய். நான் பிடிப்பேன். கால் மணி நேரத்தில் அடங்கும். அப்புறம் தேக்கா மார்க்கெட்டுக்கு நான் கூட வரவேண்டும், கோயிலுக்கு நான் வரவேண்டும், எதிர்க்கடையில் உப்பு வாங்கக்கூட நான் வரவேண்டும். 'மருதப்பனை அவன் பொண்டாட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிட்டா லா' என்று பேஸில் கிண்டல் செய்வார்கள். நானும் சலித்துக்கொள்கிற மாதிரி நடிப்பேன். உள்ளுக்குள் ஒரே பெருமை. என்னை விட்டால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன். எழுதவே கை கூசுகிறது. உன் நோய் எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நர்ஸ் உன்னை உட்காரவைத்து மற்றதெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. பாதத்தைத் தரையில் அழுத்தி வை. கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பேரைச் சொல். இந்த வாரம் தெருமுனை வரை தனியாகப் போ, அடுத்த வாரம் மார்க்கெட் வரை. நீயும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டாய். எனக்கு அப்போதே வயிறு எரிந்தது. ஆனால் முதல் வரியில் 'அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்' என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்துத்தான் ஆறுதல்பட்டேன்.

தங்கையின் பிள்ளைப்பேறு பார்க்க நீ ஈப்போவுக்குப் போன பிறகு ஒருநாள் பால் கணக்கைத் தேடும்போது அந்த நோட்டு கையில் கிடைத்தது. புதுசாக வேறொன்றில் எழுதிக்கொண்டு இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். முதல் வரியை அடித்திருக்கிறாய். சும்மா கிறுக்கவில்லை, அடிக்கோல் வைத்து நேராக இரண்டு கோடு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே உன் கடிதமும் வந்தது. ஈப்போ மார்க்கெட்டுக்குத் தனியாகவே போய் மீன் வாங்கினாயாம். பாதி வழியில் படபடப்பு வந்ததாம், ஓரமாக நின்று எண்ணினாயாம், போய்விட்டதாம். மூன்று பக்கம் முழுக்க உன் வீரப்பிரதாபம். எனக்கு 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரே வரி. கடைசியில் மாத்திரை அனுப்பச் சொல்லியிருந்தாய். எண்ணியே போய்விடுகிறதல்லவா, மாத்திரை எதற்கு, எண்ணிக்கொண்டே இருக்கட்டும், முடியாவிட்டால் தானாக என்னிடம் ஓடிவருவாள் என்று நினைத்தேன். பாவி, அப்படித்தான் நினைத்தேன்.

முந்தாநாள் உன் அடுத்த கடிதம் வந்தது. நாலே வரி. எழுத்தெல்லாம் கோணலாக இருந்தது. தூக்கமே இல்லை, மாத்திரை அனுப்பினீர்களா என்று கேட்டிருந்தாய். ரயில் ஏறத் தயாராகிவிட்டாய் என்று எனக்கு ஒரே குஷி. அறையைக் கழுவிவிட்டேன். நேற்று கையில் இரும்பு கிழித்துவிட்டது (சின்னக் காயம்தான்), கட்டுப்போட கிளினிக்குக்குப் போனேன். போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? 'தங்கத்துக்கு இப்ப உங்க மாத்திரையும் வேணாம் லா, சீக்கிரம் வீட்டுக்கு வந்துரும்' என்று நர்ஸிடம் ஜம்பமாக உன் கடிதத்தைக் காட்டினேன்.

அவள் படிக்கவில்லை. எழுத்தைத்தான் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. 'எத்தனை நாளாண்ணே சாப்பிடல? நினைச்சா கொறிக்கவும் வேணாம்னா வைக்கவும் இது என்ன கச்சாங் பூத்தேயா? இவ்வளவு நாள் சாப்பிட்டதைத் திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், தூக்கம் போகும், வலிப்பே வரலாம். குறைக்கணும்னா டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பார்' என்றாள். கட்டுக்கூட முழுசாகப் போடாமல் என்னைத் தபாலாபீசுக்கு விரட்டினாள்.

அங்கே தந்தித் தாளை எழுதும்போது என் மார்பு அடித்த அடி இருக்கிறதே! தொண்டை அடைத்து, காது இரைந்து, விழுந்துவிடுவேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இதையா நீ வாரத்துக்கு மூன்று தடவை தாங்கினாய்? உன் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஆறு வரை மூச்சை விட எனக்கு வரவில்லை, நாலிலேயே இழுத்துவிடுகிறேன்.

சாயங்காலம் மாத்திரை சாப்பிடும் விவரம் கேட்க மறுபடியும் கிளினிக்குக்குப் போனபோது, வெட்கத்தை விட்டு அந்த முதல் வரியைப் பற்றியும் கேட்டேன். நீங்கள்தான் அடிக்கச் சொன்னீர்களா என்றேன். 'இல்லையே, அவங்களா அடிச்சிருப்பாங்க. நல்லதுதானேண்ணே' என்றாள். நல்லதுதான் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. பொய் சொல்லமாட்டேன்.

சகலையிடமிருந்து இதுவரை பதில் இல்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். எழுத முடியாவிட்டால் சகலையையாவது இரண்டு வார்த்தை தந்தி அடிக்கச் சொல். பேஸில் மூன்று நாள் லீவு சொல்லி வைத்திருக்கிறேன். வா என்று சொன்னால் அடுத்த ரயிலில் வருவேன். சொல்லாமல் வந்து நின்றால், நீ நடுங்குகிற நேரம் பார்த்து உன் கையைப் பிடிக்க வந்தவன் ஆகிவிடுவேன். அது இனிமேல் வேண்டாம்.

திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் என்மேல் உள்ள கோபத்தில் மாத்திரையை ஒருவேளைகூட விட்டுவிடாதே. மூன்று மாதமானாலும் இருந்து, நன்றாகத் தூங்கி, உடம்பு தேறியபின் புறப்படு. முருகன் உன்னைக் காப்பாற்றட்டும்.

புறப்படும்போது ஒன்று மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கு உன்னை அழைக்க நான் வரட்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் நீயே பஸ் பிடித்து வந்து சேர். நான் சோறு ஆக்கி வைத்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மருதப்பன்