நான் பறக்கவிட்ட கழுகு

மாப்ள, எப்படி இருக்கிறாய்? போன இடத்தில் வட்டவடைக் குளிர் உண்டா?

காலையில் ஸ்டாண்டில் ஒரு ஜீப்பின் ரப்பர் ஹோஸ் கருகி நாறியது. நாற்றத்தோடு நீயும் வந்துவிட்டாய். செத்தும் என்னை நிம்மதியாக டீ குடிக்க விடமாட்டாய்.

ஜீப்புக்குப் புது ஹோஸ் மாட்டினால், அதைப் பிடிக்கும் கிளிப்பைப் பாதிதான் இறுக்குவோம். முதல் கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி, சூட்டில் ரப்பர் இளகியதும் மீதியை முறுக்குவோம். அந்த வளைவில் இருக்கும் டீக்கடையில் நான் சொல்லும் பேய்க் கதைக்காகவே பழுதில்லாத ஜீப்பும் நிற்கும். அந்தப் பேய்க்கு ஒரு தம்பி உண்டு... அது கிடக்கட்டும்.

மலைமேல் பயிற்சி விமானம் இறங்கும் இடத்தில் உனக்கு வேலை கிடைத்தது. எனக்கும்தான் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், கூப்பிட்டது உன்னை. அன்றைக்கே வயிறு எரிந்தது. சின்ன விமானம் ஒன்றுக்கு ஆயில் ஹோஸ் மாற்றினாய். கைப்பழக்கத்தில் பாதிதான் இறுக்கினாய். சோதித்துப் பார்க்கப் பறந்தபோது நீயும் ஏறி உட்கார்ந்தாய். மேலே நிறுத்தி முறுக்க ஏது வளைவு? ஹோஸ் கழன்று, ஆயில் கொட்டி, இன்ஜின் நின்று, தேயிலைக் காட்டில் விழுந்தீர்கள். ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. உனக்கு நெற்றியில் ஒரு தழும்பு. அதுவும் அழகாகவே அமைந்தது.

மேலதிகாரியிடம் நீயே உண்மையைச் சொல்லி, வேலையை இழந்து வந்தாய். ஊரில் என்னிடம் மட்டும் சொன்னாய்: "கிளிப்பப் பாதியில விட்டது நாந்தாம்ல. அந்தாளு கால நெனச்சா சோறு எறங்க மாட்டேங்கு. வெளிய சொல்லிராத."

ஊருக்கு நீ வானத்திலிருந்து விழுந்து பிழைத்தவன். என் பேயைக் கேட்டுக்கொண்டிருந்த கடையே உன் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. நான் விடிய விடிய கதை இழுத்தும் சேராத பெருங்கூட்டம், நீ "இன்ஜின் நின்னுபோச்சு" என்றதும் மூச்சு விடாது. உன் சாவு வீட்டிலும் விமானப் பேச்சுதான். என்னைத் தூக்கும்போது எதைப் பேசுவார்கள்?

இப்போது உன் கதையை என்னைச் சொல்லச் சொல்கிறார்கள். இன்ஜின் ஏன் நின்றது என்று யாராவது கேட்டால், கிளிப் நாக்கு நுனிவரை வரும். ஒரு சொல் போதும், உன் பெருமை கவிழ்ந்துவிடும். அந்த இடத்தில் ஒரு கழுகைப் பறக்கவிட்டு இன்ஜினில் மோதவிடுவேன். கழுகு என்னுடையது, கைதட்டல் உனக்கு.

இன்றைக்குக் கழுகு கிடையாது மாப்ள. பொறுத்தது போதும். இரு, டீக்கடைத் தங்கச்சி கூப்பிடுகிறாள்.

"அண்ணே, மூணாறுல இருந்து ஆளுக வந்திருக்காக. ஏரோப்ளேன் ஏன் விழுந்துச்சுன்னு கேக்காக."

"இந்தா வந்துட்டேன். ஏன் விழுந்துச்சுன்னா... வானத்துல ஒரு கழுகு, செறக விரிச்சா நம்ம ஜீப்ப மூடிரும், அது நேரா வந்து..."