ஆறாவது மாடி ஜன்னல்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், ஜெயித்துவிட்டோம்டி. அப்பா மேல் தப்பில்லை என்று துறைமுக ஆபீசிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நீ பிடித்துக் கொடுத்த ஓட்டல் ஆபீசுக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் வாசல். ஆனால் ஆறாவது மாடி என்றதும் உன்னை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன், லிஃப்டில் ஏறினால் வயிறு தொண்டைக்கு வருகிறது. கீழே அறை கேட்டதற்கு, உங்க மக கடல் தெரியுற ரூம்தான் வேணும்னு ரெண்டு தடவை போன் பண்ணினாங்கம்மா என்று வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். நான் என்ன கடல் பார்க்கவா வந்தேன், திரையை இழுத்து மூடிவிட்டேன். முதல் நாள் மறுவிசாரணையிலும் பழைய பாட்டுத்தான். கரையில் சைகைக்காரர் நிறுத்தச் சொல்லிக் கொடி காட்டினாராம், கிரேனில் இருந்த அப்பா கண் அசந்துவிட்டாராம், அதனால்தான் பாரம் மோதிக் கிரேன் சாய்ந்து அவர் உயிரும் போனதாம். வீட்டில்கூட நான் கையை அசைத்தால் பேச்சை நிறுத்துகிற மனுஷன் அவர். அழுதுகொண்டே அறைக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் துணி காயப் போடலாம் என்று திரையை விலக்கினால், கீழே அப்பா வேலை பார்த்த அதே இடம். கிரேன் கூண்டு ஆறு மாடி உயரம் என்று அவர் சொல்வாரே, சரியாக அந்த உயரத்தில், அதே பக்கத்தில் நான் நிற்கிறேன். கொடியோடு ஒரு ஆள் வந்தார், அப்பா கடைசி வாரத்தில் புதிதாகப் போட்டிருப்பதாகச் சொன்னாரே, அந்தத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் போனார், அவ்வளவுதான், ஆளையும் காணோம் கொடியையும் காணோம். நேரே ஆபீசுக்குப் போய், நீங்க எல்லாரும் கீழே நின்னு பாத்து எழுதினீங்க, என் ரூமுக்கு வந்து பாருங்க என்று சொல்லிவிட்டேன். ஏம்மா, விசாரணையை ஓட்டல்ல வைக்கச் சொல்றீங்களா என்று பெரிய அதிகாரி கிண்டலடித்தார். எதிர் வாசல்தானே சார், டீ ஆறுறதுக்குள்ள திரும்பிடலாம் என்றேன்.

ஆறு பேர் வந்தார்கள். நாற்காலியில் என் ஈரத்துணி, மானம் போயிற்று, பெரிய அதிகாரியே அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றார். சைகைக்காரரை அன்று நின்ற இடத்திலேயே நின்று கொடி காட்டச் சொன்னார்கள். இன்னும் ஏன்யா காட்டலை என்று போனில் கேட்டால், காட்டிக்கிட்டேதான் சார் இருக்கேன் என்கிறார் அவர்.

அப்புறம் சைகைக்காரர் மேலே ஓடி வந்து, அக்கா, நானும் பொய் சொல்லலை, அண்ணனும் தப்புப் பண்ணலை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், பாவம், அவரும் ஒரு வருஷமாகத் தூங்கவில்லையாம். அப்பா கண் அசந்தார் என்ற பழைய வரியை அடித்துப் புதிதாக எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இதைக் கேட்க அவர் இல்லையே என்று நானும் அழுதேன், ஆனால் தலை குனிந்து அழவில்லை.

குளிரில் மாப்பிள்ளையை வெறும் தலையோடு அனுப்பாதே, நீயும் வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். இதை மட்டும் மறக்காதே, இன்றைக்கே பிள்ளையை மடியில் உட்கார வைத்துச் சொல்லு, தாத்தா தூங்கவில்லை, கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா